ஆறு ஏக்கர் மாந்தோப்பு, வெளிநாட்டு விற்பனை, அரசு உதவி: எதை முதலில் செய்வது?

கேள்வி இது: கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 6 ஏக்கர் மாந்தோப்பு. நான்கு ஏக்கரில் பெங்களூரா, இரண்டு ஏக்கரில் அல்போன்சாவும் பங்கனப்பள்ளியும். பெங்களூராவுக்கு விலை இல்லை. ஏற்றுமதிக்கு அரசு உதவுகிறது என்கிறார்கள். எந்தத் திட்டத்தில் மனுப் போட வேண்டும், தோட்டத்துப் பழத்தை நேரடியாக வெளிநாட்டுக்கு அனுப்ப முடியுமா?

முடியும். ஆனால் இரண்டு ஏக்கர் பழத்தை மட்டும்தான் அந்தக் கணக்கில் வைக்க வேண்டும். மற்ற நான்கு ஏக்கருக்கு வழி வேறு. இன்னொன்று, மானியத்துக்கு மனுப் போடுவதிலிருந்து தொடங்கினால் இந்தப் பருவம் வீணாகும். பூ எடுப்பதற்கு முன்பே தோப்பைப் பதிவு செய்வதும், மருந்து அடிப்பதை நீங்களே கையில் எடுப்பதும்தான் முதல் வேலை. கட்டடம், குளிர்பதன அறை, கடன் எல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் அளவு புரிய வேண்டும். உலகில் மாம்பழம் அதிகம் விளையும் நாடு இந்தியா. ஆண்டு விளைச்சல் 2 கோடி டன்னைத் தாண்டும். 2023-24ல் புதுப்பழமாக ஏற்றுமதியானது சுமார் 32,100 டன், மதிப்பு சுமார் 6 கோடி டாலர். ஆயிரம் கிலோ விளைந்தால் வெளிநாடு போவது இரண்டு கிலோகூட இல்லை. இந்தச் சிறிய வாசலில் நுழைவது அல்போன்சா, கேசர், பங்கனப்பள்ளி போன்ற ரகங்கள். பெங்களூரா, வடக்கே தோத்தாபுரி என்று சொல்வார்களே அதே பழம், கூழுக்கானது. நாட்டின் மாங்கூழ் உற்பத்திக்கு இரண்டு பெரிய மையங்கள்: ஆந்திராவின் சித்தூரும் நம் கிருஷ்ணகிரியும். ஆகவே உங்கள் பெங்களூராவும் ஒருவகையில் ஏற்றுமதிதான் ஆகிறது, பீப்பாயில் அடைபட்டு. அந்த லாபத்தில் உங்கள் பங்கு சிறியது என்பதுதான் பிரச்சினை. அதைக் கடைசியில் பார்ப்போம்.

இப்போது அந்த இரண்டு ஏக்கர்.

தோப்பைக் குத்தகைக்கு விட்டிருக்கிறீர்களா? நம் பக்கத்தில் பூ பார்த்தே குத்தகை பேசிவிடுவார்கள். அதன்பின் மருந்து அடிப்பவர், பறிப்பவர், விற்பவர் எல்லாம் குத்தகைதாரர். அவருக்கு வேண்டியது காய் உதிராமல் நிற்பது. எந்த மருந்து, எத்தனை முறை, பறிப்புக்கு எத்தனை நாள் முன்பு என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டல்ல. பட்டாதாரர் பெயரில் பதிவு, குத்தகைதாரர் கையில் மருந்துத் தெளிப்பான் என்றிருக்கும் தோப்பிலிருந்து வரும் பழம் நஞ்சு எச்சச் சோதனையில் விழுந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்த இரண்டு ஏக்கரைக் குத்தகையிலிருந்து பிரித்து வையுங்கள். முடியாவிட்டால், மருந்து நீங்கள் சொல்வதுதான் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து பதிவு. மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமான அபீடா, ஹார்ட்டிநெட் என்ற இணையத் தளத்தை நடத்துகிறது. அதில் மாம்பழத்துக்கான பகுதி மாங்கோநெட். ஐரோப்பா, அமெரிக்கா போன்ற நாடுகளுக்குப் போகும் பழம் எந்தத் தோப்பிலிருந்து வந்தது என்று பெட்டியிலிருந்து பின்னோக்கித் தேடிக் கண்டுபிடிக்க இது உதவுகிறது. பதிவைச் செய்து தருவது மாநிலத் தோட்டக்கலைத் துறை. உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் வேண்டும். அலுவலர் தோப்புக்கு வந்து ரகம், மரங்களின் எண்ணிக்கை, பரப்பு ஆகியவற்றைச் சரிபார்ப்பார். இங்கே பலர் தடுக்கி விழுவது அடங்கலில். நிலத்தில் மா நிற்கும், அடங்கலில் தரிசு என்றோ வேறு பயிர் என்றோ இருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் அதைத் திருத்தாமல் மேலே நகர முடியாது. கூட்டுப் பட்டாவாக இருந்தால் மற்றவர்களின் ஒப்புதல் கடிதமும் கேட்பார்கள். நம் பகுதியில் டிசம்பரிலேயே பூ தொடங்கிவிடும். அக்டோபர், நவம்பருக்குள் பதிவை முடித்துவிடுங்கள். காய் பெருத்த பிறகு பதிவுக்கு ஓடினால், அதுவரை என்ன அடித்தீர்கள் என்பதற்குக் காட்ட ஏடு இருக்காது.

அந்த ஏடு தனி நோட்டாக இருக்கட்டும். தேதி, மருந்தின் வேதிப்பெயர், வணிகப்பெயர், தொகுதி எண், லிட்டருக்கு எவ்வளவு, எந்தப் பகுதி மரங்கள், அடித்தவர் யார், பறிப்புக்கு முன் விட வேண்டிய நாள் இத்தனை. மருந்துக் கடை ரசீதையும் அதிலேயே ஒட்டிவிடுங்கள். கேட்க எளிதாக இருக்கும் இந்த வேலையை யாரும் தொடர்ந்து செய்வதில்லை. ஏற்றுமதியாளர் முதலில் கேட்பதோ இதைத்தான்.

பழம் திருப்பி அனுப்பப்படுவதற்கு இரண்டு பெரிய காரணங்கள்: பூச்சி, நஞ்சு எச்சம். இரண்டுமே தோப்பில் முடிவாகிற விஷயங்கள்.

பூச்சியில் முதன்மையானது பழ ஈ. 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்துக்குக் கதவடைத்தது இதனால்தான். அதற்கு முந்தைய ஆண்டில் இந்தியாவிலிருந்து போன பழம், காய்கறிச் சரக்குகள் 207ல் பழ ஈ உள்ளிட்ட பூச்சிகள் இருந்தன என்று காரணம் சொன்னார்கள். சிப்பம் கட்டும் கூடங்களில் சுத்திகரிப்பும் கண்காணிப்பும் இறுக்கமான பிறகு 2015 ஜனவரியில் மாம்பழத்துக்கான தடை நீங்கியது. ஜப்பான் இதே ஈயைக் காட்டி 1986ல் மூடிய கதவை 2006ல்தான் திறந்தது. ஈ முற்றிய காயின் தோலில் முட்டையிடும். மேலே ஊசி குத்தியது போன்ற புள்ளி தவிர ஒன்றும் தெரியாது. பழுக்கும்போது உள்ளே புழு நெளியும்.

இதற்கு மெத்தில் யூஜினால் பொறி வையுங்கள். எக்டேருக்கு 10 பொறி, அதாவது ஏக்கருக்கு 4. ஏற்றுமதிக்கு இரண்டு ஏக்கர்தானே என்று அங்கே மட்டும் 8 பொறி மாட்டினால் பயனில்லை. பக்கத்து பெங்களூராவிலிருந்து ஈ வந்துகொண்டே இருக்கும். ஆறு ஏக்கருக்கும் 24 பொறி வைக்க வேண்டும். அக்கம்பக்கத்துத் தோப்புகளும் சேர்ந்தால் இன்னும் நல்லது. இந்தப் பொறி ஆண் ஈயை மட்டுமே இழுக்கும். சினைப்பட்ட பெண் ஈ ஒன்று வெளியிலிருந்து வந்தால் அதைத் தடுக்காது. ஊர் முழுக்க ஒரே நேரத்தில் வைக்க வேண்டியது அதனால்தான். பொறிக்குள் வைக்கும் ஒட்டுப்பலகைத் துண்டை நீங்களே தயாரிப்பதானால் ஆல்கஹால் 6 பங்கு, மெத்தில் யூஜினால் 4 பங்கு, மாலத்தியான் 1 பங்கு கலந்து இரண்டு நாள் ஊற வையுங்கள். முன்பெல்லாம் டைக்குளோர்வாஸ் சேர்ப்பார்கள். அது 2020 டிசம்பர் 31 முதல் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது, தொடாதீர்கள். காய் எலுமிச்சை அளவைத் தாண்டும்போதே பொறியைத் தொங்கவிடுங்கள். நிழலான கிளையில், ஆள் உயரத்தில். துண்டு இரண்டு மாதத்தில் வீரியம் இழக்கும், மாற்றுங்கள்.

பொறியைவிட முக்கியமான வேலை உதிர்ந்த பழத்தைப் பொறுக்குவது. வாரத்துக்கு இரண்டு முறை பொறுக்கி இரண்டு அடி ஆழத்தில் புதைக்க வேண்டும். புழு பழத்தைவிட்டு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, ஒன்றிரண்டு வாரத்தில் புது ஈயாக எழும். உதிர்ந்ததை மரத்தடியிலேயே விட்டுவைத்துப் பொறி வைப்பது, மடையைத் திறந்துவிட்டு வாய்க்காலில் இறைப்பது போல.

இரண்டாவது எதிரி மாங்கொட்டைக் கூன்வண்டு. தென்னிந்தியத் தோப்புகளில் இது பரவலாக உண்டு. காய் கோலிக்குண்டு அளவில் இருக்கும்போதே வண்டு தோலில் முட்டையிடும். புழு சதையைத் துளைத்துக் கொட்டைக்குள் போய்விடும். துளை ஆறி மூடிவிடும். பழம் வெளியே மாசு மருவற்று இருக்கும், வெட்டினால்தான் தெரியும். ஆண்டுக்கு ஒரு தலைமுறை மட்டும். பறிப்பு முடிந்தபின் வண்டுகள் மரப்பட்டை வெடிப்பில் ஒளிந்து, அடுத்த பூக்காலம்வரை கிடக்கும். எனவே இதை அடக்க வேண்டிய காலம் காய்க்காலம் அல்ல. நவம்பர், டிசம்பரில் தண்டுப் பட்டையையும் கிளைக் கவட்டையையும் சுத்தம் செய்து, மாவுக்குப் பரிந்துரைக்கப்பட்ட மருந்தைப் பட்டைக்கு அடிக்க வேண்டும். தோப்பில் கொட்டைகள் சிதறிக் கிடக்க விடக்கூடாது. இந்தப் பருவத்திலேயே உங்கள் அல்போன்சா, பங்கனப்பள்ளி மரங்களிலிருந்து ஆங்காங்கே ஐம்பது பழம் எடுத்துக் கொட்டையைப் பிளந்து பாருங்கள். நாலைந்துக்கு மேல் வண்டு இருந்தால், கெடுபிடியான நாடுகளை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பதே நல்லது.

நஞ்சு எச்சம் இன்னும் கடினம், ஏனெனில் கண்ணுக்குத் தெரியாது. சில ஆண்டுகளாக இலைப்பேன் தொல்லை மிகுந்து, பூவெடுப்பிலிருந்து பறிப்புவரை எட்டு பத்து முறை மருந்து அடிக்கும் பழக்கம் வந்துவிட்டது. கடைக்காரர் மூன்று மருந்தைக் கலந்து கொடுப்பார், நாம் வாங்கி அடிப்போம். ஐரோப்பாவில் ஒரு மருந்துக்குத் தனி வரம்பு இல்லையென்றால் பொது வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். அங்கே ஒப்புதல் ரத்தான குளோர்பைரிபாஸுக்கும் 2020 இறுதியிலிருந்து அந்த வரம்புதான். இந்தியாவில் கடையில் கிடைக்கிறது என்பதால் அங்கே செல்லும் என்று பொருளல்ல. ஏற்றுமதிப் பகுதிக்கு இரண்டு விதிகள் போதும். ஒன்று, வாங்கப்போகும் நாட்டின் வரம்புப் பட்டியலை ஏற்றுமதியாளரிடம் பூக்காலத்துக்கு முன்பே வாங்கி, அதில் இல்லாத மருந்தைத் தோப்புக்குள் கொண்டுவராதிருப்பது. இரண்டு, பெரும்பாலான தெளிப்பைப் பூங்கொத்து வரும்போதும் பட்டாணி அளவிலும் முடித்துவிட்டு, காய் முட்டையளவு ஆனபின் காகித உறை போடுவது.

பழ உறை நம் ஊரில் இன்னும் பழகவில்லை, பழக வேண்டும். இரண்டடுக்குப் பழுப்புக் காகித உறையைக் காம்போடு சேர்த்துக் கட்டிவிட்டால் ஈ முட்டையிட முடியாது, கரும்புள்ளி குறையும், தோல் ஒரே சீரான மஞ்சளாக வரும், கடைசி ஒன்றரை மாதம் மருந்தே தேவைப்படாது. எல்லாக் காய்க்கும் போட ஆள்கூலி கட்டாது. வளைந்ததையும் கொத்தில் நெருங்கியதையும் விட்டுவிட்டு, தனியாகத் தொங்கும் நல்ல காய்க்கு மட்டும் போடுங்கள். மழையன்றோ பனி காயாத அதிகாலையிலோ போட்டால் உள்ளே பூஞ்சை வரும். காய் உலர்ந்தபின் போடுங்கள். செந்தூரா போன்ற சிவப்புத் தோல் ரகத்துக்கு இது ஆகாது, நிறம் ஏறாது.

பறிப்புக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பு, தோப்பின் பல மூலைகளிலிருந்தும் எடுத்த பழத்தை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் எச்சச் சோதனைக்குக் கொடுங்கள். செலவு உண்டு. ஆனால் சென்னை விமான நிலையத்திலோ துறைமுகம் கடந்தோ தோற்பதைவிட இங்கே தெரிந்துகொண்டு கூழ் ஆலைக்கோ மண்டிக்கோ திருப்பிவிடுவது மலிவு.

பறிப்பில் கெடுவது அதிகம். முற்றியதன் அடையாளம்: தோள் காம்புக்கு மேல் புடைத்து நிற்கும், கொட்டையை ஒட்டிய சதை வெளிர்மஞ்சளாகும். தண்ணீரில் போட்டால் முற்றிய பங்கனப்பள்ளி மூழ்கும், இளசு மிதக்கும். அல்போன்சாவை மட்டும் முழுக்க முற்றும்வரை மரத்தில் விடாதீர்கள். அதற்கு உட்சதை பஞ்சுபோல் வெளுத்துப் புளிக்கும் கோளாறு உண்டு, வெளியே தெரியாது; மரத்தில் அதிக நாள் நிற்கும் பழத்திலும், வெயிலில் காய்ந்த தரையின் வெக்கை தாக்கும் பழத்திலும் கூடும். 80 முதல் 85 விழுக்காடு முற்றியதுமே பறிப்பதும், மரத்தடியில் சருகு மூடாக்குப் போடுவதும் இதைக் குறைக்கும்.

வலை கட்டிய தொரட்டியால் காலையிலேயே பறியுங்கள், உலுக்காதீர்கள். காம்பு ஒரு சாண் இல்லாவிட்டாலும் நாலைந்து விரல்கடை நீளம் இருக்கட்டும். நிழலுக்குக் கொண்டுவந்து ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டி, கம்பி அல்லது வலைத் தட்டில் தலைகீழாக வைத்துப் பாலை வடியவிட வேண்டும். பால் பட்ட தோல் இரண்டு நாளில் கருகும். அந்தப் பழத்துக்கு வெளிநாட்டில் விலை கிடையாது. பின்பு கழுவி, தோலில் கரும்புள்ளி விழவைக்கும் பறவைக்கண் நோயின் பூஞ்சையைக் கொல்ல 52 பாகை செல்சியஸ் வெந்நீரில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்து, உலர்த்தி, 12 முதல் 13 பாகையில் வைக்கலாம். 10 பாகைக்குக் கீழே இறக்கினால் தோல் சாம்பல் நிறமாகிப் பழுக்காமலே போகும். காய்கறிக் குளிர்கிடங்கில் மற்றவற்றோடு சேர்த்து அடுக்குபவர்கள் இப்படித்தான் இழக்கிறார்கள். உலகத் தரத்தில் எடைப் பிரிவு 200 முதல் 350, 351 முதல் 550, 551 முதல் 800 கிராம். ஒரு பெட்டிக்குள் ஒரே பிரிவு.

பழத்தோடு பூச்சி வந்து பரவாமலிருக்க ஒவ்வொரு நாடும் கேட்கும் நிபந்தனை வேறு. அமெரிக்கா 2007ல் இந்திய மாம்பழத்துக்குத் திறந்தது. 400 கிரே அளவு கதிர்வீச்சு கட்டாயம். ஐரோப்பாவுக்கு 48 பாகை வெந்நீரில் 60 நிமிடம். ஜப்பானுக்கு நீராவி வெப்பம், சதையின் உட்புறம் 47.5 பாகையில் 20 நிமிடம். இவை வீட்டில் செய்கிற வேலையல்ல. அங்கீகாரம் பெற்ற நிலையங்களில் மட்டும், அதிகாரி முன்னிலையில். கிருஷ்ணகிரிக்கு அருகிலிருக்கும் கதிர்வீச்சு நிலையம் கர்நாடகத்தின் மாலூரில் இருக்கிறது. விமானமும் நமக்குச் சென்னையைவிட பெங்களூரு கிட்டே. இளசாகப் பறித்த காய் 60 நிமிட வெந்நீரைத் தாங்காது. தோல் வேகும், தோள் குழிவிழும். காகிதப் பிழையும் கொல்லும்: 2025 மே மாதம் இந்தியாவிலிருந்து போன 15 மாம்பழச் சரக்குகளை, கதிர்வீச்சுச் சான்றுப் படிவத்தில் குறை என்று சொல்லி அமெரிக்க அதிகாரிகள் நிறுத்திவிட்டார்கள். திருப்பிக் கொண்டுவரக் கட்டாததால் பழத்தை அங்கேயே அழித்தார்கள்.

அதனால் முதல் ஆண்டு அமெரிக்காவைப் பற்றி நினைக்காதீர்கள். வளைகுடா நாடுகளும் சிங்கப்பூரும் இத்தகைய வெப்ப, கதிர்வீச்சு முறைகளைக் கேட்பதில்லை. தாவர சுகாதாரச் சான்று போதும். அதையும் நீங்கள் நேரடியாகச் செய்யாமல், ஏற்கெனவே அனுப்பிக்கொண்டிருக்கும் ஏற்றுமதியாளருக்குத் தரம் பிரித்த பழமாகக் கொடுங்கள். இரண்டு ஏக்கரில் பறிப்பு நாட்களில் தேறும் நல்ல பழம் ஒரு கன்டெய்னரை நிரப்பாது. பதினைந்து இருபது தோப்புக்காரர்கள் சேர்ந்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாக வந்தால்தான் பேரம் பேச முடியும். மாவட்டத்தில் ஏற்கெனவே இயங்கும் நிறுவனத்தில் பங்குதாரராகச் சேர்வது புதிதாக ஒன்றைத் தொடங்குவதைவிட வேகமானது.

பின்னால் நேரடியாக அனுப்புவதென்றால் வரிசை இதுதான். நிறுவனப் பெயரில் பான் அட்டை, நடப்புக் கணக்கு. வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்ககத்தின் இணையத் தளத்தில் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண். கட்டணம் 500 ரூபாய். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அதில் விவரங்களைச் சரிபார்த்து உறுதி செய்யாவிட்டால் எண் முடங்கும், அதுவும் சரியாக நம் மாம்பழக் காலத்தில். அபீடாவில் உறுப்பினர் பதிவுச் சான்று. வங்கியின் அந்நியச் செலாவணிக் கிளைக் குறியீட்டைச் சுங்கத் துறையில் பதிவது. இதை மறந்தால் சுங்கத்துக்குக் கொடுக்க வேண்டிய ஏற்றுமதிப் பட்டியலே (ஷிப்பிங் பில்) தயாராகாது. ஒவ்வொரு சரக்குக்கும் தாவரத் தனிமைப்படுத்தல் துறையில் இணையவழி விண்ணப்பித்து, ஆய்வு முடிந்து சுகாதாரச் சான்று. அழுகும் பொருளுக்குக் கடன் வைக்காதீர்கள்: முன்பணம் ஒரு பகுதியாவது வாங்குங்கள், மீதிக்கு ஏற்றுமதிக் கடன் உத்தரவாதக் கழகத்தின் காப்பீடு எடுங்கள். தமிழக அரசின் உணவுப் பதப்படுத்துதல் மற்றும் வேளாண் ஏற்றுமதி மேம்பாட்டு நிறுவனம் இந்த வேலைகளுக்கு வழிகாட்டுகிறது.

இனி மானியம். உங்கள் 6 ஏக்கரில் ஒரு சிக்கல் இருக்கிறது. சொட்டு நீர்ப் பாசனத்துக்குத் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிக்கு 100 விழுக்காடு மானியம், மற்றவர்களுக்கு 75. சிறு விவசாயி என்பது 5 ஏக்கர் வரை. ஒரே பெயரில் 6 ஏக்கர் இருந்தால் நீங்கள் அந்த வரம்புக்கு வெளியே. நிலம் உண்மையில் குடும்பத்தில் இருவர் பங்காக இருந்து பட்டா மட்டும் ஒரே பெயரில் கிடந்தால், முறைப்படி பாகம் பிரித்துப் பட்டா மாற்றிய பிறகு வட்டாட்சியரிடம் சிறு விவசாயிச் சான்று வாங்கி விண்ணப்பியுங்கள். காய் பெருக்கும் மார்ச், ஏப்ரலில் தண்ணீர் சீராகக் கிடைத்தால் உதிர்வும் வெடிப்பும் குறையும். இத்தனை திட்டங்களில் உங்களுக்கு மெய்யாகவே பயன் தரப்போவது இதுவே என்பது என் கணிப்பு.

ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கத்தில், மத்திய அரசு 60, மாநில அரசு 40 பங்கு என்ற நிதியில், வயதான தோப்பைப் புதுப்பிக்க உதவி உண்டு. 2014 வழிகாட்டுதலில் எக்டேருக்கு 40,000 ரூபாய் செலவு மதிப்பிட்டுப் பாதியை, அதாவது 20,000 ரூபாயைத் தந்தார்கள். ஒன்பதுக்கு ஆறு மீட்டர் சிப்பம் கட்டும் கூடத்துக்கு 4 லட்சம் மதிப்பிட்டு 2 லட்சம் மானியம். 2025ல் வழிகாட்டுதல் திருத்தப்பட்டுச் செலவு மதிப்புகள் உயர்ந்திருக்கின்றன; விண்ணப்பிக்கும்போது புதிய தொகையை அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். தமிழக அரசின் உழவன் கைபேசிச் செயலியில் முன்பதிவு செய்யலாம். இலக்கு தீர்ந்தால் அந்த ஆண்டுக்கு அவ்வளவுதான், அதனால் ஏப்ரலிலேயே பதியுங்கள். பணி ஆணை கைக்கு வருவதற்கு முன் வேலையைத் தொடங்கினால் மானியம் கிடைக்காது. நிறையப் பேர் இழப்பது இங்கேதான்.

வேளாண் உள்கட்டமைப்பு நிதியில் 2 கோடி வரையிலான கடனுக்கு 7 ஆண்டுக்கு 3 விழுக்காடு வட்டிச் சலுகை தருவார்கள். அது கடன், மானியமல்ல. மூன்று மாதப் பருவத்துக்காகத் தனி ஒருவர் குளிர் அறை கட்டி ஒன்பது மாதம் பூட்டி வைத்துத் தவணை கட்டுவதை எந்தக் கணக்கும் நியாயப்படுத்தாது. தக்காளி, கொய்யா என்று ஆண்டு முழுக்க நிரப்பக்கூடிய குழுவுக்குத்தான் அது பொருந்தும்.

நான்கு ஏக்கர் பெங்களூராவுக்கு வருவோம். எல்லாவற்றையும் வெட்டாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு மரங்களை மட்டும் பறிப்பு முடிந்ததும் பெருங்கிளை அளவில் தறித்து, வெட்டுவாயில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை பூசி, துளிர்க்கும் தளிர்களில் கிளைக்கு நாலைந்து விட்டு மற்றவற்றைக் கிள்ளி, அவற்றில் பங்கனப்பள்ளியோ இமாம்பசந்தோ மேலொட்டுக் கட்டுங்கள். மூன்றாம் ஆண்டில் காய் பார்க்கலாம். வெட்டுவாயைப் பூசாமல் விட்டால் தண்டுத்துளைப்பான் புகுந்து மரமே போகும். ஒட்டுக்குச்சியை ரகம் உறுதியான தாய்மரத்திலிருந்து எடுங்கள்; ஜீனூர் அரசு தோட்டக்கலைப் பண்ணையில் விசாரிக்கலாம்.

மீதி பெங்களூரா கூழுக்குத்தான். ஆலைக்கு வேண்டியது மரத்தில் முற்றி, சர்க்கரை அளவு 14 பிரிக்ஸ் தொடும் பழம். ஏற்றுமதிக் கூழ் 215 கிலோ பீப்பாயில் போகிறது, இருபதடிக் கன்டெய்னருக்கு 80 பீப்பாய், 17.2 டன். முந்தைய ஆண்டுக் கூழ் ஆலையில் தேங்கினால் அடுத்த பருவத்தில் வாங்குவது சுருங்கும். 2025ல் விலை சரிந்தபோது கிலோ நான்கைந்து ரூபாய்க்குக்கூட ஆளில்லை. ஆந்திர அரசு ஆலைகளைக் கிலோவுக்கு 8 ரூபாய் கொடுக்கச் சொல்லித் தன் பங்காக 4 ரூபாய் சேர்த்தது. மத்திய அரசு சந்தைத் தலையீட்டுத் திட்டத்தில் கர்நாடகத்துக்கு 2.5 லட்சம் டன் வரை, குவிண்டாலுக்கு 1,616 ரூபாய் அடிப்படையில் விலை வித்தியாசத் தொகை தர ஒப்புதல் கொடுத்தது. தமிழக முதல்வரும் அதே உதவியைக் கேட்டுப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

சந்தைத் தலையீட்டுத் திட்டம் தானாக வராது. முந்தைய இயல்பான ஆண்டைவிட விலை குறைந்தது 10 விழுக்காடு சரிந்து, மாநில அரசு கேட்டால்தான் வரும். செலவை இரு அரசும் பாதிப்பாதி ஏற்கும். விளைச்சலில் 25 விழுக்காடு வரைதான் அதில் அடங்கும். அதனால் சரிவின் அறிகுறி தெரிந்ததுமே, மே மாதத்திலேயே, விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் எழுத்துப்பூர்வமாகக் கோருவது பயன்படும். ஜூலையில் சாலையில் கொட்டிப் போராடும்போது பழம் முடிந்திருக்கும். தொகை அறிவிக்கப்பட்டால் அது போய்ச் சேர்வது விற்பனைச் சீட்டு, மா என்று பதிவான அடங்கல், ஆதார் இணைந்த வங்கிக் கணக்கு, விவசாயி தனித்துவ அடையாள எண் ஆகியவை வைத்திருப்பவருக்கு. குத்தகைக்கு விட்ட தோப்பில் சீட்டு குத்தகைதாரர் பெயரில் இருக்கும், தொகை யாருக்கு என்ற தகராறு வரும். அதையும் குத்தகை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். மண்டியிலோ ஆலையிலோ வெறும் துண்டுச் சீட்டு வாங்காமல், தேதி, ரகம், எடை, விலை, உங்கள் பெயர் ஐந்தும் உள்ள ரசீதைக் கேட்டு வாங்கி மருந்து நோட்டின் பின்பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.